எல்லோரும் ஆடுகிற விளையாட்டு விழா

திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் சக்கர நாற்காலியில் வருபவர் பெரும்பாலும் பந்தலுக்குள் இருந்து கைதட்டிவிட்டுத்தான் போவார். அவரையும் ஆட வைக்கலாம்.

கரப்பந்தாட்டத்தைத் தரையில் இருந்தபடி ஆடுங்கள். பராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம்தான். ஆடுகளம் 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05. பந்தை அடிக்கும்போது இடுப்பு தரையை விட்டு எழக்கூடாது. காலை இழந்தவரும் ஓடித்திரியும் பொடியனும் ஒரே அணியில் சமமாக ஆடலாம். உப்புவெளிக் கடற்கரை மணலில் வேண்டாம், கையை ஊன்றி நகர்வது கஷ்டம். மண்டபத்தின் வழுவழுப்பான சீமெந்துத் தரைதான் சரி.

முட்டி உடைத்தலை விட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் கண்ணைக் கட்டிப் பானையை உடைக்க விடுகிற ஆட்டம், பார்வையற்றவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திசை சொல்ல ஒருவரை மட்டும் விடுங்கள். பத்துப் பேர் கத்தினால் அவருக்கு எதுவும் விளங்காது.

காது கேளாதவர்கள் ஓடும் போட்டியில் விசிலோடு கொடியையும் அசையுங்கள்.

அப்புறம், விழாவுக்கு இடம் பிடிக்கப் போகும்போது அளவு நாடாவையும் கொண்டு போங்கள். முதலில் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் சக்கர நாற்காலி நுழைவது சிரமம். கழிவறைக்குப் போக முடியாதவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார், அதுவும் சித்திரை வெயிலில்.