ஒரே எழுத்தில் இங்கிலீஷ் பாட்டுப் பட்டியல்: ஒரு பழைய கேசட் கடைக்காரரின் குறிப்பு

ஒரே எழுத்தில் தொடங்குகிற இங்கிலீஷ் பாட்டுகளாகப் பொறுக்கி ஒரு கேசட் போட்டுத் தரச் சொல்லி முதலில் வந்தவர் ஒரு மருத்துவ மாணவி. 1991 இருக்கும். வேலூர் லாங்கு பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்போது பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். ஊர்க்காரர்கள் எல்லாரும் இளையராஜாவுக்கு வருவார்கள். வெளி மாநிலத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குத்தான் மைக்கேல் ஜாக்சனும் போனி எம்மும் வேண்டும். தோழிக்குப் பிறந்தநாளாம், பெயர் 'ஹெச்'சில் தொடங்குமாம், அதனால் பாட்டெல்லாம் 'ஹெச்'சிலேயே இருக்க வேண்டுமாம்.

இதென்ன பெரிய வேலை என்று அறுபது நிமிடக் கேசட்டில் ஏற்றினேன். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஹோட்டல் கலிஃபோர்னியா, லயனல் ரிச்சியின் ஹலோ, பீட்டில்ஸின் ஹெல்ப், எல்விஸின் ஹவுண்ட் டாக், ரே சார்லஸின் ஹிட் த ரோட் ஜாக் என்று போய், பக்கத்தின் கடைசியில் ஹே ஜூட். ஒரு பாட்டுக்கு நாலு நிமிடம் என்று மனக்கணக்கு போட்டதுதான் வினை. ஹோட்டல் கலிஃபோர்னியா ஆறரை நிமிடம். ஹே ஜூட் ஏழு நிமிடம் 11 விநாடி; அதில் பாதிக்கு மேல் எல்லாரும் சேர்ந்து 'நா நா நா' என்று இழுப்பதுதான். சரியாக அந்த இடத்தில் நாடா தீர்ந்து 'டக்'கென்று நின்றுவிட்டது. மறுநாள் அந்தப் பெண் வந்து, "அண்ணா, நல்லா பாடிட்டே இருக்கும்போது நிறுத்திட்டாங்க" என்றார். காசு வாங்காமல் இன்னொன்று போட்டுக் கொடுத்தேன்.

அதனால் முதல் வேலை, பாட்டின் பெயருக்கு எதிரே நிமிடத்தையும் விநாடியையும் எழுதுவது. கேசட் காலத்தில் முப்பதுக்கு இருபத்தெட்டு என்றுதான் கணக்கு வைப்பேன். நாடாவின் தொடக்கத்தில் பதிவாகாத வெள்ளைத் துண்டு கொஞ்சம் இருக்கும். நட்ராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றி அதைத் தள்ளிவிட்டுத்தான் பதிவையே தொடங்க வேண்டும். இப்போது பென் டிரைவில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும் கணக்கு வேண்டும். இங்கிருந்து சென்னைக்குக் காரில் மூன்று மணி நேரம் என்றால் சுமார் நாற்பத்தைந்து பாட்டு. ஒரே எழுத்தில் அத்தனை தேறுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 'க்யூ', 'எக்ஸ்' பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது தலைப்பு. வாயில் வரும் வரி வேறு, உறையில் இருக்கும் பெயர் வேறு. 'வீ டோன்ட் நீட் நோ எஜுகேஷன்', அதாவது படிப்பு வேண்டாம் என்று பிள்ளைகள் கோரஸாகப் பாடும் பிங்க் ஃப்ளாய்ட் பாட்டை 'டபிள்யூ'வில் தேடி வருவார்கள். அது 1979இல் வந்த அனதர் பிரிக் இன் த வால், 'ஏ'யில் இருக்கிறது. குவீன் குழுவின் பொஹீமியன் ராப்சடியில் அந்த இரண்டு சொல்லும் பாட்டுக்குள் ஓரிடத்திலும் வராது. ரோலிங் ஸ்டோன்ஸின் சாடிஸ்ஃபேக்ஷன் இன்னொரு வம்பு. முழுத் தலைப்பு 'ஐ கான்ட் கெட் நோ' என்று அடைப்புக்குறிக்குள் தொடங்குகிறது. நான் அடைப்புக்குறியைத் தூக்கிவிட்டு 'எஸ்'ஸில் வைப்பேன், ஏனென்றால் கேட்பவர் 'எஸ்'ஸில்தான் தேடுவார். 'த', 'ஏ' போன்ற ஒட்டுகளையும் கழித்துவிடுங்கள். அப்போது ஏ ஹார்ட் டேஸ் நைட் 'ஹெச்'சுக்கு வந்துவிடும், அபாவின் த வின்னர் டேக்ஸ் இட் ஆல் 'டபிள்யூ'வுக்குப் போய்விடும். ஆனால் 'ஐ' ஒட்டு அல்ல. ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ அதே இடத்தில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது இங்கிலீஷ் எழுத்துக்கு. நான் இப்போது பட்டியல் போடுவது தமிழ் எழுத்தில்.

அது போன மே மாதம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தொடங்கியது. கத்திரி வெயில் முடியாத நேரம், ராத்திரி பத்து மணிக்கும் தரை சுடுகிறது, தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பாட்டு விளையாட்டு ஆரம்பித்தார்கள். நான் "பி" என்றேன். "பேட்டுக்கு வர்ற பி-யா, பென்சிலுக்கு வர்ற பி-யா?" என்றான் தங்கை மகன். மூலையில் படுத்திருந்த எங்கள் அத்தை எழுந்து உட்கார்ந்து, "இன்னாடா அது, ரெண்டும் ப தானே?" என்றார். அப்படியே ஆடிப் பார்த்தோம். மைக்கேல் ஜாக்சனின் பில்லி ஜீன், ஆக்வாவின் பார்பி கேர்ள், பிரின்ஸின் பர்ப்பிள் ரெயின், லேடி காகாவின் போக்கர் ஃபேஸ் எல்லாம் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டன. அத்தையும் தன் பங்குக்கு 'பா பா பிளாக் ஷீப்' சொன்னார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, நான் மதிப்பெண் போட்டேன்.

காதில் விழுகிறபடி தமிழில் எழுதுங்கள், முதல் எழுத்தைப் பாருங்கள், அவ்வளவுதான் விதி. நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர் இங்கிலீஷில் 'கே'யில் தொடங்கும், நமக்கு அது 'நா'. 'சி' இரண்டாக உடையும்: கேர்லெஸ் விஸ்பர் க-வுக்கு, செலிப்ரேஷன் ச-வுக்கு. 'டி' இரண்டும் ட-வில் சேர்ந்துவிடும்: அபாவின் டான்சிங் குயின், போனி எம்மின் டாடி கூல், 1985இல் கலக்கிய டேக் ஆன் மீ. இதில் ஒரு வேடிக்கை, நம் இலக்கணப்படி ட சொல்லுக்கு முதலில் வரவே கூடாத எழுத்து. தமிழாசிரியர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது போடுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வ-தான் நல்லது. 'வி'யும் 'டபிள்யூ'வும் ஒன்றாகக் கிடைக்கும். வீ வில் ராக் யூ, அபாவுக்கு 1974 யூரோவிஷன் பாட்டுப் போட்டிப் பரிசு வாங்கிக் கொடுத்த வாட்டர்லூ, ஸ்கார்ப்பியன்ஸின் விண்ட் ஆஃப் சேஞ்ச், ஒயேசிஸின் வொண்டர்வால், மடோனாவின் வோக், கோல்ட்பிளேயின் விவா லா விடா. எம்டிவி என்ற பாட்டு சேனல் 1981 ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கியபோது முதன்முதலாகப் போட்ட வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார் பாட்டும் இங்கேதான். அதை மட்டும் நான் கொஞ்சம் சத்தம் குறைத்துக் கேட்பேன். ரேடியோவுக்குப் பின்னால் கேசட்டும் போய்ச் சேர்ந்தது எனக்குத்தானே தெரியும்.

அடுக்கும்போது ஒரு பாடகருக்கு இரண்டு பாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். ப-வில் மைக்கேல் ஜாக்சனை விட்டால் பேட், பீட் இட், பில்லி ஜீன், பிளாக் ஆர் ஒயிட் என்று அவரே குந்திக்கொள்வார். ஒரே தலைப்பில் இரண்டு பாட்டு வந்தால் ஆள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ரிச்சியின் ஹலோவும் அடெலின் ஹலோவும் வேறு வேறு. அழுகை மட்டும் இரண்டிலும் உண்டு.

பென் டிரைவில் ஏற்றும் முன் கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் கார் ஸ்டீரியோக்கள் பலவும் 1-க்கு அப்புறம் 10-க்குத் தாவிவிடும்.

அபாவின் ஃபெர்னாண்டோ மட்டும் இன்னும் தீரவில்லை. ஆய்த எழுத்து போட்டால் அது ஃ, போடாவிட்டால் ப. தங்கை மகன் ஃ-க்குத் தனிப் பட்டியல் வேண்டும் என்கிறான். அத்தையிடம் கேட்டோம், "பாட்டைப் போடுடா முதல்ல" என்கிறார்.