மாஸ் எஃபெக்ட் 2: தற்கொலைப் பணியிலிருந்து தோழர்கள் அனைவரையும் உயிருடன் மீட்பது எப்படி?

பயோவேர் நிறுவனத்தின் உருவாக்கத்தில் 2010இல் வெளிவந்த இந்த விண்வெளி வீடியோ விளையாட்டின் இறுதிக் கட்டமே 'தற்கொலைப் பணி'. அதில், விண்மீன்களிடையே கப்பலைத் தாவச் செய்யும் ஒமேகா-4 ரிலேயைக் கடந்து, எதிரிகளான கலெக்டர்களின் தளத்துக்குள் நுழையும்போது, நீங்கள் இயக்கும் தளபதி ஷெப்பர்டின் தோழர்களில் எவரும் நிரந்தரமாக இறந்துபோகலாம். கதைத் திருப்பங்கள் கீழே வெளிப்படையாக வருவதால், அவற்றை அறிய விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். 2021இல் வந்த மெருகேற்றிய மறுவெளியீடான லெஜண்டரி எடிஷனையே பரிந்துரைப்பேன். கூடுதல் தோழர்களான ஸயீத், கசூமி இருவரும் அதிலேயே சேர்ந்து வருகிறார்கள். விளையாட்டு தானாகவே சேவ் செய்வதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகச் சேவ் செய்துகொள்ளுங்கள்.

படி 1: கப்பல். தோழர்களில் ஜேக்கப் கூறும் கவசம், டாலி கூறும் கேடயம், காரஸ் கூறும் தானிக்ஸ் பீரங்கி ஆகிய மூன்றையும் பொருத்திவிடுங்கள். இவற்றில் விடுபடும் ஒவ்வொன்றுக்கும், தளத்தில் இறங்கும் முன்பே ஓர் உயிர் போகும்.

படி 2: விசுவாசம். ஒவ்வொரு பணி முடிந்ததும் கப்பலில் உங்கள் உதவியாளரான கெல்லி சேம்பர்ஸிடம் பேசினால், யார் உங்களைச் சந்திக்க விரும்புகிறார் என்று சொல்வார். ஒரு தோழரின் சொந்தப் பணியான லாயல்டி மிஷனை முடித்துவிட்டாலே விசுவாசம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். டாலியின் லாயல்டி மிஷனில் வரும் விசாரணையில் அவருடைய தந்தைக்கு எதிரான ஆதாரத்தைக் காட்டினால், டாலி விடுதலையானாலும் உங்கள் மீதுள்ள நம்பிக்கையை இழந்துவிடுவார்.

படி 3: சண்டைகள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மிராண்டா, ஜாக் இருவரின் பணிகளும் முடிந்தபின், மிராண்டாவின் அறையில் மோதல் வெடிக்கும். செர்பரஸின் சோதனைக்கூடத்தில் சிறுவயதில் வதைக்கப்பட்ட ஜாக், அந்த அமைப்பின் அதிகாரியான மிராண்டா குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பார், மிராண்டாவோ மறுப்பார். ஒருவர் பக்கம் சாய்ந்தால் மற்றவரின் விசுவாசம் போய்விடும். இருவரையும் அடக்கும் நீல அல்லது சிவப்பு நிற வசனத்தைத் தேர்ந்தெடுக்கப் போதிய பாரகன் (நல்வழி) அல்லது ரெனிகேட் (கடுவழி) புள்ளிகள் தேவை. அவை இல்லையென்றால் அந்த வரி மங்கிய நிறத்தில், தொட முடியாதபடி இருக்கும். ஆகவே தொடக்கம் முதலே ஏதேனும் ஒரு வழியை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள். இரண்டிலும் கால்வைப்பவருக்கு இரண்டுமே பற்றாக்குறையாகிவிடும். டாலிக்கும், இயந்திரத் தோழனான லீஜியனுக்கும் இடையே எழும் சண்டையும் இதே வகைதான். என் கருத்தில், இந்த விளையாட்டின் மிகச் சிறந்த எழுத்து இவ்விரு காட்சிகளில்தான் இருக்கிறது, ஏனெனில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

படி 4: நேரம். ரிலேயைக் கடக்கத் தேவையான கருவியைப் பெறும் ரீப்பர் ஐஎஃப்எஃப் பணிக்குச் செல்லும் முன் மற்ற எல்லாருடைய பணிகளையும் முடித்துவிடுங்கள். அப்பணியில் கிடைக்கும் லீஜியனை எழுப்பியவுடன் அதன் பணியை முடியுங்கள். கப்பல் ஊழியர்கள் கடத்தப்பட்ட பிறகு வேறு எந்தப் பணியிலும் இறங்காமல் நேராக ரிலேயைக் கடந்தால்தான் அவர்கள் அனைவரும் பிழைப்பார்கள்.

படி 5: பொறுப்புகள். தளத்தின் கதவைத் திறக்கக் குழாய்க்குள் டாலி, லீஜியன், கசூமி ஆகியோரில் விசுவாசமுள்ள ஒருவரை அனுப்புங்கள். உங்களுடன் வராதவர்கள் அடங்கிய இரண்டாம் அணிக்கு இருமுறையும் காரஸ் தலைமை தாங்கட்டும். முதல் முறை தவறான தலைவரைத் தேர்ந்தெடுத்தால், அவருக்குப் பதிலாகக் குழாயிலிருந்து வெளிவருபவரே உயிரிழப்பார். எதிரிப் பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க மன ஆற்றலால் எழுப்பும் பயோட்டிக் கேடயத்துக்குச் சமாரா அல்லது ஜாக்தான் ஏற்றவர். தன்னாலும் முடியும் என்று மிராண்டா சொல்வதை ஏற்காதீர்கள். அதை ஏற்றால், கேடயம் தளரும்போது உங்களுடன் நடந்துவரும் ஒருவர் இழுத்துச் செல்லப்படுவார். மீட்ட ஊழியர்களுக்குத் துணையாக மோர்டினை அனுப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கடைசியில் டாலி இறந்துவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். காரணம், இறுதிச் சண்டைக்கு நீங்கள் இருவருடன் போகும்போது வாயிலைக் காக்க விட்டுச்செல்பவர்களின் சராசரி வலிமை. விசுவாசமுள்ள கிரண்ட், ஸயீத், காரஸ் ஆகியோருக்குத் தலா 4 புள்ளிகள். ஜாக், கசூமி, டாலி, மோர்டின் ஆகியோருக்குத் தலா 1. ஏனையோருக்குத் தலா 2. ஐவருக்கு மேல் நின்றால் சராசரி 2க்குக் குறையக்கூடாது. பன்னிருவரும் உயிருடன் இருக்க, மோர்டின் ஊழியர்களுடன் போய்விட, காரஸையும் கிரண்டையும் நீங்கள் அழைத்துச் சென்றால், எஞ்சிய 9 பேருக்கு மொத்தம் 17தான். ஒருவர் இறப்பார், அது பெரும்பாலும் டாலிதான். மாறாக டாலியையும் ஜாக்கையும் அழைத்துச் சென்றால் மொத்தம் 23 ஆகும். வாயிலில் நிற்கும் எவரும் இறக்க மாட்டார்கள்.