மூச்சு வாங்கினாலும் நடையை விடாதீர்கள்
நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள அப்பாவை கொழும்பு வெள்ளவத்தையின் கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு, வாகனப் புகை கூடுமுன், நடக்கக் கூட்டிப்போகிறேன். மூச்சு வாங்குமே என்று கதிரையிலேயே இருந்தால் தொடைத் தசை மெலியும். அப்புறம் குளியலறைக்குப் போய்வரவே மூச்சு இளைக்கும்.

டொக்டரிடம் கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்குங்கள். மூச்சுக்கு இழுக்கிற மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) சட்டைப்பையில் இருக்கட்டும். கதைத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விடவேண்டும். இதுதான் முக்கியம். அப்பா முதலில் பலமாக ஊதித்தள்ளினார். அப்படி வேண்டாம், காற்று தானாக மெல்ல வெளியேறட்டும். இளைத்தால் மதிலில் முன்கைகளை ஊன்றி, முன்பக்கம் சாய்ந்து, தோளைத் தளர்த்தி நில்லுங்கள்.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் போங்கள். மழை நாளா? வீட்டு விறாந்தையிலேயே நடக்கலாம்.