கைவரைவில் கட்டடக் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனையைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, கையால் வரைந்து பார்க்காமல் கணினியைத் திறந்துவிடுவதுதான் இளம் கட்டடக் கலைஞர்களிடம் நான் அதிகம் காணும் தவறு. அதை நானும் செய்திருக்கிறேன். தக்கலைக்கு அருகே சரிவான ஒரு மனைக்கு முதல் வாரத்திலேயே ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளான் போட்டேன். கோடுகள் அத்தனையும் துல்லியமாக இருந்ததால், இன்னும் முடிவாகாத சுவர்கூட முடிவானதைப் போலவே தெரிந்தது. வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். நிலம் பின்பக்கமாக நான்கடி இறங்குவதை ஒருமுறையாவது பென்சிலால் குறுக்குவெட்டாக வரைந்து பார்த்திருந்தால், அந்த வீட்டு அம்மா அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குத் தினமும் ஒன்பது படி ஏறி இறங்க வேண்டியிருந்திருக்காது.

போட்ட கோட்டை உடனே ரப்பரால் அழிப்பது இன்னொரு தவறு. அழிக்காமல், அதன்மேல் அடியிலிருப்பது தெரியும் மெல்லிய பட்டர் பேப்பரை விரித்து மறுபடி வரைய வேண்டும். அடியில் மங்கலாகத் தெரியும் பழைய முற்றமும் மேலே நகர்ந்திருக்கும் புதிய முற்றமும் ஒருசேரக் கண்ணில் படும்போதுதான், எதை விட்டோம், எதற்காக விட்டோம் என்பது புலப்படும். அழகாக வரைய வராதே என்று தயங்கவும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில்கூட வரைந்தார்.

அளவை மறந்து வரைவதும் ஆபத்துதான். 1:100 அளவில் ஒரு மீட்டர் என்பது தாளில் ஒரு சென்டிமீட்டர். பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டால், அறை பெரிதா சிறிதா என்பது உடனே விளங்கிவிடும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வரும் மாணவர்கள் பலர் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்தக் குமரிப் பகுதியில் ஓட்டுக்கூரை எவ்வளவு தாழ இறங்கி வருகிறது, சன்னல்களின் மர அழிகள் (இடைவெளி விட்ட சட்டங்கள்) வெயிலைத் தடுத்துக் காற்றை எப்படி உள்ளே விடுகின்றன என்பதையெல்லாம், அங்கேயே உட்கார்ந்து ஒரு சன்னலையாவது வரைபவரின் கண்தான் பிடித்துக்கொள்ளும்.

அதே சமயம், கைவரைவை அப்படியே கொத்தனாரிடம் கொடுத்துவிடக் கூடாது. அவருக்கு அளவிட்ட வரைபடம் வேண்டும். கணினிக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. கைவரைவுத் தாள்களைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏன் இடம் மாறியது என்று வீட்டுக்காரர் ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது, அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.