புயலுக்கு மறுநாள் தோப்பில்: ஸ்டார்ட் ஆகாத மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது நாங்கள் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டில்தான் இருந்தோம். காற்று அடங்கியதும் கதவைத் திறந்தால், வாசலிலிருந்து போர்வெல்லுக்குப் போகும் பாதையே இல்லை. மரத்து மேல் மரம், நடுவில் அறுந்த கம்பி. மரம் அறுக்கும் மெஷின் ஒரு வருஷமாக மூலையில் கிடந்ததால் இழுக்க இழுக்க ஸ்டார்ட் ஆகவில்லை, ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அப்போது செய்த தப்புகளில் இருந்து எழுதுகிறேன், டெல்டாவில் தோப்போ வயலோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதல் நாள் மெஷினைத் தொடவே வேண்டாம். அரிவாளும் கையுமாக, ஒரு ஆள் நடக்கிற அளவுக்குப் பாதை எடுத்தால் போதும்: வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று. கீழே கிடக்கும் கம்பி எதுவானாலும் கரண்ட் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள், ஊரே இருட்டாக இருந்தாலும்தான். மட்டைக் குவியலுக்குள் கையை விடுவதற்கு முன்னால் ஒரு கம்பால் தட்டுங்கள், வளையில் தண்ணீர் புகுந்த பாம்பெல்லாம் அங்கேதான் வந்து படுத்திருக்கும்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். விழுந்த மரங்களுக்குச் சுண்ணாம்பில் நம்பர் போட்டு, வரிசை வரிசையாக எடுத்து, எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, சிட்டா அடங்கல் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கஜாவுக்கு அரசு அறிவித்தது தென்னை மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் பாதி மரத்தை நான் வெட்டி ஓரம் தள்ளிவிட்டதால், எனக்கும் வந்தவருக்கும் அரை நாள் வாக்குவாதம். சுத்தமாக வைத்திருந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மெஷின். ரம்ப மெஷின் ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல்தான். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் தனியாக அடியில் இறங்கிவிடும், மிச்சம் கார்புரேட்டருக்குள் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதனால் கயிற்றை இழுத்துத் தோளைக் கழற்றிக்கொள்ளாமல், டேங்கை முழுக்கக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். ஆயில் கலவை உங்கள் மெஷினின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையோடு போகும், எனவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூட்டியே ஊற்றுங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் ஏறிவிட்டது என்று அர்த்தம்: துடைத்துவிட்டு, பிளக் இல்லாமலே சோக்கைத் திறந்து நாலைந்து தடவை இழுத்து, பத்து நிமிஷம் விட்டு மாட்டுங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை, டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். ஏர் ஃபில்டரையும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், ஈரத்தோடு மாட்டக் கூடாது.

தென்னையை அறுப்பது வேம்பை அறுப்பது மாதிரி இல்லை. வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே நார், அடிமரத்தில் மண் வேறு ஒட்டியிருக்கும். செயின் சீக்கிரம் மழுங்கும். தூள் மாவு மாதிரி விழ ஆரம்பித்தால் பல் போய்விட்டது என்று புரிந்துகொண்டு நிறுத்தி, உருட்டு அரம் போடுங்கள். அழுத்தி அறுத்தால் மெஷினும் கெடும், ஆளும் விழுவான்.

விழுந்த மரத்தில் எங்கே இறுக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் வைத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி நடுவில் தொங்கும் மரத்தை, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து மேலே முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் இருந்தால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வேரோடு சாய்ந்த புளி, மா மாதிரி மரங்களில் இன்னொரு ஆபத்து, தண்டை அறுத்த நொடியில் வேர்க்கட்டி படாரென்று பழைய குழிக்குள் திரும்பி நிற்கும். அந்தக் குழியில் ஆடு மேயவோ பிள்ளைகள் இறங்கவோ விடாதீர்கள். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்கி அறுப்பது, செயின் ஓடும் தகட்டின் நுனியால் குத்துவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் ஆளைத் தூங்கவைத்து முடித்துவிடும். அதிலிருந்து ஒயரை இழுத்து வீட்டு பிளக்கில் செருகுவது எங்கள் பக்கம் சகஜம், அதையும் செய்யாதீர்கள். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் செய்தால் கரண்ட் பின்னால் லைனுக்கு ஏறும், டிரான்ஸ்பார்மர் வழியாகப் போனால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட், கம்பத்தில் நிற்பது உங்களுக்காகச் சோறு தண்ணி இல்லாமல் வேலை செய்யும் லைன்மேன்.

தண்ணீரில் மூழ்கிய மோட்டாரைக் கரண்ட் வந்ததும் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நான் அடக்கவில்லை, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை (காயில்) மறுபடி கட்ட ஆன செலவில் ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கலாம். போர்வெல்லுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது, அதற்கு ஒன்றும் ஆகாது, கெடுவது மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிதான். திறந்து காயவைத்து, கான்டாக்டில் பச்சை பூத்திருந்தால் சுரண்டுங்கள். மேலே வைத்த மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) மூழ்கியிருந்தால் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, வெயிலில் நாலைந்து நாள் போட்டு, எலக்ட்ரீஷியனிடம் மெகர் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காயவில்லை.

டீசல் இன்ஜின் மூழ்கினாலும் இதே பொறுமைதான். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது ஹேண்டில் போட்டு வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் மாற்றிவிட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடியும் மாற்றுங்கள்.

நிற்கிற மரங்களைப் பற்றி ஒன்று. குருத்து திருகிப்போன மரத்தை உடனே வெட்டாதீர்கள், எங்கள் தோப்பில் செத்ததாக நினைத்தவற்றில் பல மறு வருஷம் பாளை விட்டன. கொண்டையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கரைத்து ஊற்றினால் குருத்தழுகலைத் தடுக்கலாம். சாய்ந்த இளங்கன்றுகளை நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுங்கள்.

விழுந்த மரத்தைத் தோப்பிலேயே மக்க விடுவதுதான் பலரும் செய்த பெரிய தப்பு. காண்டாமிருக வண்டு அழுகும் தண்டிலும் எருக்குழியிலும் முட்டை வைக்கும், காயம்பட்ட மரத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், புயலில் தப்பியதை இவை இரண்டும் சேர்ந்து முடிக்கும். எனவே தண்டைச் சூளைக்காரர் கேட்கிற விலைக்கே கொடுத்துவிடுங்கள், விலையைக் கேட்டால் சிரிப்புதான் வரும், ஆனாலும் கொடுங்கள். மட்டையைத் தூளாக்கி மூடாக்குப் போடுங்கள். எருக்குழியைக் கிளறினால் வெள்ளையாக வளைந்து கிடக்கும் தடித்த புழு காண்டாமிருக வண்டின் பிள்ளைதான், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்ததும் மெஷின், ஜெனரேட்டர், டீசல் இன்ஜின் மூன்றையும் வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் பெட்ரோலில் ஓடுபவற்றின் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். கூடவே ஒரு பிளக், ஒரு செயின், இரண்டு உருட்டு அரம், ஒரு ஸ்டார்ட்டர் கயிறு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. புயலுக்கு மறுநாள் பட்டுக்கோட்டையில் கடை திறந்திருந்தாலும், அங்கே போக ரோடு இருக்காது.