‘நன்றி: கூகுள்’ போட்டால் போதுமா?

மேலே ‘படித்ததில் பிடித்தது’ என்று ஒரு வரி, கீழே ‘நன்றி: இணையம்’. நடுவில் யாரோ மெனக்கெட்டு எழுதிய சிறுகதை முழுசாக. நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வருவதுதான். இணையம் எப்போது கதை எழுதியது?

நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. முதலில் சறுக்குவது இங்கேதான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி (பலர் காப்புரிமை என்பார்கள், கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட்டுக்கும் அதே சொல்லைப் போட்டுக் குழப்புவார்கள்) ஒரு படைப்பைப் பதிவு செய்யவே தேவையில்லை, எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும். எழுதியவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் அது செல்லும். ‘அவர்தான் இறந்துவிட்டாரே’ என்பதும் எடுபடாது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் கதை வேறு, அவற்றை யாரும் வெளியிடலாம்.

‘30 விநாடி வரை பாட்டுப் போடலாம்’ என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. விமர்சனத்துக்கும் செய்திக்கும் நியாயமான அளவு எடுத்தாள 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. எது நியாயமான அளவு என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம்தான் பார்க்கும். அப்புறம், தேர்த் திருவிழாப் படத்தை எடுத்து ஓரத்திலிருக்கும் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு பேனரில் போடுகிறார்களே, அது இன்னும் மோசம். உரிமையாளர் யார் என்ற தகவலைத் தெரிந்தே நீக்குவது தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

அவதூறுப் பக்கம் இதே ‘நன்றி’ வேறு வேஷத்தில் வரும்: ‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை ஃபார்வர்டு செய்த விவகாரத்தில், 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு போன்றது என்றது. பதிவை அழித்ததும் மன்னிப்புக் கேட்டதும் கைகொடுக்கவில்லை.

‘உண்மையைத்தானே சொன்னேன்?’ என்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். அவதூறுக்கான பழைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 499, 500 பிரிவுகள், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. பெயரைச் சொல்லாமல் ‘நம்ம தெருக்கோடி டாக்டர்’ என்று எழுதினாலும், தெருவுக்கே ஆள் தெரிகிறதென்றால் பெயர் சொன்ன மாதிரிதான்.

சரி, அவதூறு உங்கள் மேலேயே வந்தால்? பதிலுக்குத் திட்டி எழுதினால் எதிர்த்தரப்புக்கும் ஒரு வழக்கு கிடைத்துவிடும். முதலில் பதிவின் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுத்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள், மின்னணு ஆதாரத்தோடு, அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழும் கோர்ட்டில் கேட்பார்கள். சிவில் வழக்குக்குக் கெடு, பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.