வட்டம் அறுகோணமாகாமல் இருக்க

கொக்கி ஊசியால் நூலில் பின்னும் குரோஷே பொம்மைகளை நானே வடிவமைக்கிறேன். தலைக்கான வட்டம் பெரிதாகப் பெரிதாக, ஆறு மூலைகள் தெரிய ஆரம்பித்தன. முகம் உருண்டையாக இல்லாவிட்டால் பொம்மைக்கு உயிரே வராது. அதனால் விட மனமில்லை.

சிங்கிள் குரோஷே என்ற அடிப்படைப் பின்னலில், ஆறு இடங்களில் ஒரே கண்ணிக்குள் இரண்டு பின்னி, சுற்றுக்கு 6 கண்ணி கூட்டுகிறோம்: 6, 12, 18, 24. எண்ணிக்கை சரிதான். கூட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால்தான் மூலை வருகிறது. இப்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அந்த இடத்தைத் தள்ளிவிடுகிறேன். 4ஆம் சுற்றில் முதலில் 1 கண்ணி, அப்புறம் ஒரே கண்ணியில் இரண்டு; பிறகு 2 கண்ணி, ஒரு கூட்டல் என்று 5 முறை; கடைசியில் 1 கண்ணி. மொத்தம் அதே 24.

மூலைகள் மறைந்துவிட்டன. என் பேட்டர்ன்களில் (பின்னும் குறிப்புகளில்) இதை முழுசாகவே எழுதிக் கொடுக்கிறேன்; பின்னுகிறவரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது எனக்குப் பிடிக்காது.